மூன்று லிஸ்ட், ஒரு லூப்

மார்ச் 3, 2026, செவ்வாய்

ஒரு குறும்படத்துக்குச் சப்டைட்டில் ஃபைல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கைக்கு வந்தவை மூன்று டெக்ஸ்ட் ஃபைல்கள். ஒன்றில் வசனம் தொடங்கும் நேரம், இன்னொன்றில் முடியும் நேரம், மூன்றாவதில் வசனம். மூன்றையும் பைத்தான் நிரல்மொழியில் படித்து மூன்று லிஸ்ட் (பட்டியல்) ஆக்கியாயிற்று. இனி மூன்றிலும் ஒரே நேரத்தில் நடந்து போக வேண்டும்.

பழைய பழக்கத்தில் ரேஞ்ச், லென் (நீளம்) என்று ஆரம்பித்து, ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள், எத்தனையாவது என்று சொல்லும் ஓர் 'ஐ' போட்டுக்கொண்டே போனேன். பத்து வரிக்குள் பதினான்கு 'ஐ'. அதில் ஓர் இடத்தில் மட்டும் 'ஐ கூட்டல் 1' என்று கை தவறியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஜிப் என்ற பைத்தான் கட்டளையைப் போட்டேன். ஜிப்புக்குள் மூன்று லிஸ்ட்டையும் வரிசையாகக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொன்றாக எடுத்து ஒரு டியூபிளாக, அதாவது ஒரே கட்டாக, கையில் தருகிறது. 'ஐ'க்கு வேலையே இல்லை.

ஜிப் பைத்தானுக்கு வந்தது 2000-இல், 2.0 பதிப்பில். அதற்கான முன்மொழிவு பெப் 201, எழுதியவர் பேரி வார்ஸா. பல லிஸ்ட்களில் கால் மாறாமல் ஒன்றாக அடியெடுத்து வைப்பதுதான் அதன் பேச்சு. பையில் இருக்கும் ஜிப்பைப் போலப் பல்லோடு பல் கோத்துக்கொண்டு போவது.

மார்ச் 4, புதன்

படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு வசனம் வரவில்லை. பிழைச் செய்தியும் எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தேன்: நேரங்கள் இரண்டிலும் 412, வசனத்தில் 411. எந்த லிஸ்ட் முதலில் தீர்கிறதோ அந்த இடத்தில் ஜிப் நின்றுவிடும். நின்றதை யாரிடமும் சொல்லாது. இது ஜிப்பின் குறை அல்ல, அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் இன்று எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

சரி, இட்டர்டூல்ஸ் என்ற பைத்தான் தொகுப்பில் ஜிப் லாங்கஸ்ட் இருக்கிறதே, நீளமான லிஸ்ட் தீரும்வரை ஓடுமே என்று அதைப் போட்டேன். ஓடியது. இல்லாத இடத்தை, ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நன்' கொண்டு நிரப்பியது. நாயகி ஜன்னலைப் பார்த்தபடி கண் கலங்கி நிற்கிறாள், திரையின் அடியில் 'நன்' என்று வருகிறது. சிரித்து முடிக்கவே நேரமானது.

கடைசி வரி விடுபட்டிருக்கிறது என்று நினைத்து அதைத் தேடினால், அது பத்திரமாக இருந்தது. ஓர் இடம் முன்னாலேயே வந்து போயிருந்தது, அவ்வளவுதான். பிறகு படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். 187 வரை சரி. அதற்கப்புறம், கதவு தட்டப்படும் முன்பே "யாரது?" வந்துவிட்டது. 188-ஆவது இடத்தில் வசனம் காலியாக இருக்க வேண்டும்: நேரம் குறித்திருக்கிறார்கள், அங்கே பேச்சில்லை. ஃபைலைப் படிக்கும்போது வெற்று வரிகளைத் தள்ளிவிடும்படி எழுதியவன் நான்தான். நடுவில் ஒன்று போனதும் கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலேறிவிட்டன.

மார்ச் 5, வியாழன்

தவறு என்னுடையது என்றாலும், கூச்சல் போட ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருக்கிறார். பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட் என்று ஒரு வசதி உண்டு. 2021-இல் வந்த பதிப்பு. பெப் 618, எழுதியவர் பிராண்ட் புச்சர். ஸ்ட்ரிக்ட்டை ட்ரூ ஆக்கிவிட்டு, நேற்றைய பிழையை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்து ஓட்டினேன். 'மூன்றாவதாகக் கொடுத்தது, முதல் இரண்டைவிடக் குட்டையாக இருக்கிறது' என்ற பொருளில் வேல்யூ எரர் வந்தது. எது குறைகிறது என்றும் சொல்கிறது. பரவாயில்லையே!

ஆனால் ஃபோல்டரில் பார்த்தால் 411 வசனங்களோடு ஃபைல் தயாராகக் கிடக்கிறது. 187-க்குப் பிறகு எல்லாமே இடம் மாறியவை. ஜிப் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போய், முடியும் இடத்தில்தான் சமமா இல்லையா என்று அதற்கே தெரிகிறது. நானோ லூப்புக்குள்ளேயே ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே ஜிப்பை முதலில் முழுசாக ஒரு லிஸ்ட்டாக்கி, அது பிழையில்லாமல் தேறினால் மட்டும் ஃபைலைத் திறப்பது என்று மாற்றினேன்.

பழைய கணினியில் இருப்பது 3.8. அங்கே ஸ்ட்ரிக்ட் என்று எழுதினாலே டைப் எரர். அதற்கு மட்டும், லூப்புக்கு முன்னால் மூன்று லென்னையும் ஒப்பிடும் ஒரு வரி.

மார்ச் 7, சனி

இன்று ஒரு அசட்டுத்தனம். ஜிப் கொடுத்ததை ஒரு பெயரில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க லிஸ்ட்டாக்கி பிரிண்ட் செய்தேன். எல்லாம் அழகாக இருந்தது. அடுத்த வரியில் இருந்த ஃபார் லூப் ஒருமுறைகூடச் சுற்றவில்லை. பார்த்த பார்வையிலேயே தீர்ந்துவிட்டது! பைத்தான் 2-இல் ஜிப் லிஸ்ட்டையே கொடுக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். 3.0-இலிருந்து அது இட்டரேட்டர், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது. ஒரே ஒரு முறைதான்.

மார்ச் 8, ஞாயிறு

இட்டரேட்டரில் இன்னொரு சங்கதி. 1 முதல் 5 வரை தரும் ஓர் இட்டரேட்டர், அ, ஆ, இ தரும் இன்னொன்று. இரண்டையும் ஜிப்பில் கோத்தேன். மூன்று ஜோடி வந்தது. பிறகு எண்களில் மிச்சம் எது என்று நெக்ஸ்ட் போட்டுக் கேட்டேன். 4 வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 5. நாலாவது சுற்றில் ஜிப் முதல் ஆளிடம் 4-ஐ வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் இரண்டாவது ஆளிடம் கையை நீட்டியிருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்றதும், வாங்கிய 4-ஐத் திருப்பித் தராமல் போய்விட்டது. எழுத்துகளை முதலிலும் எண்களை அடுத்தும் கொடுத்தால் 4 பிழைக்கிறது. லிஸ்ட்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. ஃபைலையோ ஜெனரேட்டரையோ நேராக ஜிப்புக்குள் கொடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு நண்பர் கேட்டார், ஃபாருக்குள் ஃபார் போட்டால் ஆகாதா என்று. 412 தொடக்க நேரத்துக்குள் 412 முடிவு நேரத்தை ஓட்டினால் 1,69,744 ஜோடி வரும். சட்டைக்கும் வேட்டிக்கும் எத்தனை பொருத்தம் என்று பார்க்க அது உதவும். இது அந்த வேலை இல்லை.

வசனத்தின் இரண்டு வரைவுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடவும் ஜிப் உதவும் என்று நினைத்தேன். 'படம்', 'பாடம்' இரண்டையும் கொடுத்தேன். நம் கண்ணுக்கு ஓர் எழுத்துதான் வேறு. பைத்தானுக்கு முதலாவது நான்கு குறிகள்: ப, ட, ம, புள்ளி. இரண்டாவது ஐந்து: ப, துணைக்கால், ட, ம, புள்ளி. முதல் 'ப' மட்டும் பொருந்தியது, அடுத்த மூன்று ஜோடியும் வேறு, கடைசிப் புள்ளிக்குத் துணையே இல்லை. 188-ஆவது வசனத்தில் நடந்த அதே கூத்து, ஒரு சொல்லுக்குள்.

இதனால் எனக்கு ஒரு பயமும் வந்தது. மூன்று லிஸ்ட்டிலும் வேறு வேறு இடத்தில் ஒவ்வொன்று விடுபட்டிருந்தால் நீளம் சமமாகிவிடும், ஸ்ட்ரிக்ட்டும் வாயைத் திறக்காது. தொடக்கத்தைவிட முடிவு பெரிதா என்று ஒவ்வொரு ஜோடியிலும் சோதிக்கலாம், நேரங்கள் குழம்பியிருந்தால் சில சமயம் அது காட்டிக்கொடுக்கும். வசனத்தை எதை வைத்துச் சோதிப்பது? படத்தை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மார்ச் 14, சனி

சப்டைட்டிலுக்கு 1 முதல் வரிசை எண் வேண்டும். ஜிப்பை, எண் போட்டுத் தரும் எனுமரேட்டுக்குள் வைத்து, தொடக்கம் 1 என்றேன். இடப்பக்கம் எண், தொடக்கம், முடிவு, வசனம் என்று நான்கு பெயர். 'நான்கு எதிர்பார்த்தேன், இரண்டுதான் கிடைத்தது' என்று பிழை. எனுமரேட் கொடுப்பது எண்ணும் ஒரு டியூபிளும்தான். பின்னால் உள்ள மூன்று பெயருக்கும் அடைப்புக்குறி போட்டதும் அடங்கியது.

படத்தை முழுசாக ஓட்டினேன். கதவு தட்டப்பட்டது, அதற்குப் பிறகுதான் "யாரது?" வந்தது. ஃபைலை அனுப்பிவிட்டேன்.

இரவு பதில் வந்தது. இன்னொரு மொழியிலும் வசனம் தயாராம், அதையும் கீழே சேர்த்துவிட முடியுமா என்று. திறந்து எண்ணினேன். 409 வரிகள்.