ஒரே ஒரு ரைஃபிள் தான் வாங்கணும்னா எந்த கேலிபர்? நான் .308-க்கு வந்து சேந்த கதை

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான், இங்க ஆஸ்டின்ல தான் இருக்கான், க்ரீன் கார்டு வந்து ஆறு மாசம் ஆச்சு. "அண்ணா ஒரு ரைஃபிள் வாங்கணும், மான் வேட்டைக்கும் ஆகணும், சனிக்கிழமை ரேஞ்சுக்கு போய் சும்மா டார்கெட் சுடவும் ஆகணும், ரெண்டு வாங்க பட்ஜெட் இல்ல, எது எடுக்கலாம்"னு கேட்டான். ஒரு மணி நேரம் பேசினேன், வச்சதுக்கப்புறம் தான் சொல்லாம விட்டது எல்லாம் ஞாபகம் வந்துது, அதான் உக்காந்து எழுதிடறேன்.

கேலிபர்னா புல்லட்டோட குறுக்களவு, அதை வச்சு தான் தோட்டா வகைக்கு பேரு. அதை எடுக்கணும்னா முதல்ல எந்த மிருகம், எவ்வளவு தூரம், இது ரெண்டும் தெரியணும். நான் வேட்டைக்கு போறது டெக்ஸஸ் ஹில் கன்ட்ரி, லானோ, கெர்வில் பக்கம். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது, கிண்டி பார்க்ல சின்ன வயசுல பாத்தோமே புள்ளிமான், அதே மான் இங்க ரோட்டோரமா கூட்டமா மேஞ்சிட்டு இருக்கும், 1932 வாக்குல கொண்டு வந்து விட்டது, ஆக்சிஸ் டீர்னு சொல்றாங்க. வெளிமானும் இருக்கு. இன்னும் தெக்க கிங் ரான்ச் பக்கம் போனா நீல்காய் கூட உண்டு. இதெல்லாம் எக்ஸாடிக், அதாவது வெளிய இருந்து வந்த மிருகம்ங்கற கணக்குல வரும், அதனால உள்ளூர் வெள்ளைவால் மானுக்கு இருக்கற மாதிரி சீசன் கிடையாது, லைசன்ஸும் நிலத்துக்காரரோட அனுமதியும் இருந்தா வருஷம் முழுக்க சுடலாம். ஊர்ல 1972 வனவிலங்கு சட்டத்துக்கப்புறம் தொடக்கூடாத மிருகம், அது அங்க சரி, அங்க அதுக்கு சொந்த காடு. இங்க அது தழையும் திங்கும் புல்லும் திங்கும், உள்ளூர் மானுக்கு தீனி இல்லாம பண்ணிடுது, அதனால ரான்ச்காரங்களே வந்து சுட்டுட்டு போங்கன்னு சொல்றாங்க.

ஹில் கன்ட்ரி வெள்ளைவால் ரொம்ப பெருசு கிடையாது, நூறு பவுண்டுக்கு கொஞ்சம் மேல கீழ. ஆக்சிஸ் கிடா 150, 200 பவுண்ட் வரும். காட்டுப்பன்னியும் அந்த அளவு தான். தூரம் பெரும்பாலும் 100 யார்டு, ஃபீடரை, அதாவது மானுக்கு தீனி போடற பெட்டியை, அந்த கணக்குல தான் வச்சிருப்பாங்க, ஓடைக்கு அந்த பக்கம் நிக்கறதை சுடணும்னா 200. நீல்காய் மட்டும் தனி கதை, 500, 600 பவுண்ட், தோலும் கெட்டி.

இப்ப நான் பண்ண தப்பை சொல்றேன். முதல் வருஷம் எனக்கு சொந்த ரைஃபிள் கிடையாது, நண்பர் ஒருத்தரோட .300 வின்செஸ்டர் மேக்னம் எடுத்துட்டு போனேன். பெரிய தோட்டா, பெரிய பவர், தப்பாவே போகாதுன்னு நெனச்சேன். ரேஞ்சுல அதுல பத்து ரவுண்ட் தான் சுட்டிருந்தேன், தோள் நீலமா வீங்கி இருந்துது. சாயங்காலம் ஒரு பொட்டை ஆக்சிஸ், 110 யார்டு, பக்கவாட்டுல அசையாம நின்னுது, அதைவிட சுலபமான ஷாட் கிடைக்காது. முன்னங்காலுக்கு பின்னாடி படவேண்டியது வயித்துல பட்டுச்சு. ஓடிருச்சு. சீடர் புதருக்குள்ள டார்ச் வச்சுட்டு ரத்தம் தேடி மூணு மணி நேரம், ஒரு இலைல ஒரு சொட்டு, பத்தடி தள்ளி ஒரு கல்லு மேல இன்னொரு சொட்டு, இப்படியே போய் கடைசில கண்டுபிடிச்சப்ப படுத்திருந்துது, காது மட்டும் ஆடிட்டே இருந்துது. நண்பர் தான் முடிச்சு வச்சார். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

அடுத்த வாரம் அந்த லீஸ்ல, அதாவது வேட்டைக்குன்னு வாடகைக்கு எடுத்த நிலத்துல, இருக்கற ஒரு டெக்ஸஸ் பெரியவர் என்னை ரேஞ்சுக்கு கூட்டிட்டு போனார். என் முதுகுக்கு பின்னாடி நின்னு அவரே லோட் பண்ணி குடுத்தார், சிலது நெஜ ரவுண்ட், சிலது வெறும் டம்மி, எது எதுன்னு எனக்கு தெரியாது. மூணாவது தடவை ட்ரிகர் அமுக்கினேன், "டிக்"னு சத்தம் மட்டும் தான் வந்துது, ஆனா பேரல் முனை ரெண்டு இன்ச் கீழ குத்திட்டு நிக்குது, என் கண்ணு ரெண்டும் மூடி இருக்கு. வெடிக்கறதுக்கு முன்னாடியே உடம்பு உதைக்கு பயந்து சுருங்கிக்குது. இதை ஃப்ளின்ச்னு சொல்லுவாங்க. தப்பு ரைஃபிள்ல இல்லவே இல்ல.

அதுலேருந்து நான் கேலிபரை பாக்கறதே மாறிடுச்சு. எல்லாத்துக்கும் ஆகற கேலிபர்னா என்னைப் பொறுத்தவரை, ஒரு நாள்ல 40 ரவுண்ட் சுட்டாலும் தோள் தாங்கணும், வாரா வாரம் சுட கட்டுப்படியாகணும், எந்த ஊர் கடைல போனாலும் தோட்டா கிடைக்கணும், அதே சமயம் 200 யார்டுல இருக்கற மானை ஒரே அடில விழ வைக்கணும். உதையை ஃபுட் பவுண்ட்ல கணக்கு போடுவாங்க, எட்டு பவுண்ட் ரைஃபிள்ல .243-க்கு சுமார் 10, .308-க்கு 15லேருந்து 17, .30-06-க்கு 18லேருந்து 20, .300 மேக்னம்னா 25-க்கு மேல. நிறைய பேருக்கு 20 தாண்டினா தான் கண்ணு மூட ஆரம்பிக்கும், ஆளுக்கு ஆள் மாறும், நீங்களே சுட்டு பாத்தா தான் தெரியும்.

.308 வின்செஸ்டர் வந்தது 1952-ல. அதுக்கு முன்னாடி இருந்த .30-06, தர்ட்டி ஆட் சிக்ஸ்னு சொல்லுவாங்க, 1906-ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, அதோட கேஸ், அதாவது பவுடர் இருக்கற கூடு, 63 மில்லிமீட்டர் நீளம். அப்புறம் நல்ல பவுடர் வந்ததால 51 மில்லிமீட்டர் கேஸ்லயே கிட்டத்தட்ட அதே வேலையை செய்ய முடிஞ்சுது, அது தான் .308. ஒரே எடை புல்லட் போட்டா வேகத்துல வித்தியாசம் செகண்டுக்கு நூறு அடி சொச்சம் தான், மானுக்கு அது தெரியவே தெரியாது. தோட்டா குட்டையா இருக்கறதால போல்ட்டும் குட்டை, ரைஃபிளும் கொஞ்சம் எடை குறையும். இந்த .308 கேஸோட கழுத்தை சுருக்கி சின்ன புல்லட் வச்சது தான் 1955-ல வந்த .243, 1980-ல வந்த 7எம்எம்-08, எல்லாம் ஒரே குடும்பம். உதை ஒத்துக்காதவங்க, வீட்ல பசங்க சுடணும்னு நெனைக்கறவங்க இந்த ரெண்டுல ஒண்ணு எடுங்க, நான் முழு மனசோட சொல்றேன், வெள்ளைவாலுக்கு .243 தாராளமா போதும். கொலராடோல பெரிய மிருகத்துக்கு குறைஞ்சபட்சம் .24 கேலிபர் இருக்கணும்னு சட்டமே இருக்கு, .243 அதை தாண்டிடும். ஆனா 7எம்எம்-08 நல்ல தோட்டாவா இருந்தும் சின்ன ஊர் கடைல பல சமயம் கிடைக்காது, நான் அதை விட்டது இதுக்காக மட்டும் தான்.

6.5 க்ரீட்மோர் பத்தி எல்லாரும் கேப்பாங்க. 2007-ல ஹார்னடி கொண்டு வந்தது, டார்கெட் போட்டிக்காகவே யோசிச்சு பண்ணது, நீளமான ஒல்லி புல்லட், காத்து அதை அவ்வளவா தள்ளாது, உதையும் .308-ஐ விட கம்மி. 500, 600 யார்டு தகட்டுல "டங்"னு சத்தம் கேக்கணும்ங்கறது தான் உங்க ஆசைன்னா கண்ணை மூடிட்டு அதை எடுங்க. 200 யார்டுக்குள்ள மான் சுடறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. பேரலும் .308-ல தான் ரொம்ப நாள் வரும், 5,000 ரவுண்டுக்கு மேல கூட துல்லியமா சுடும், 6.5-ல பொதுவா அதுல பாதி. .270-ம் அருமையான மான் தோட்டா தான், 1925லேருந்து இருக்கு, ஆனா ரேஞ்சுல பயிற்சிக்குன்னு மலிவு ரவுண்ட் அதுல கிடைக்கறது கஷ்டம். .308-க்கு அதே அளவுல ராணுவ வகை 7.62 இருக்கறதால பயிற்சி ரவுண்ட் எப்பவும் ஏதாவது ஒரு கடைல இருக்கும், 2020, 2021-ல எல்லா ஷெல்ஃபும் காலியா கிடந்தப்ப கூட எனக்கு எங்கயாவது ரெண்டு பெட்டி கிடைச்சுது.

.223 பத்தி ஒரு வரி, சுட ஜாலியா இருக்கும், உதையே கிடையாது, மலிவான ரைஃபிள் தோட்டாக்கள்ல அதுவும் ஒண்ணு, ஆனா 55 கிரெய்ன் (கிரெய்ன்னா புல்லட்டோட எடை அளவு) புல்லட்டை நம்பி 200 பவுண்ட் ஆக்சிஸ் கிடாவை சுட எனக்கு மனசு வராது.

கடைக்காரங்க சொல்லாத ஒரு விஷயம். ரேஞ்சுல சுடற ஃபுல் மெட்டல் ஜாக்கெட் தோட்டாவை வேட்டைக்கு எடுத்துட்டு போகாதீங்க, அது விரியாது, ஊசி மாதிரி நுழைஞ்சு வெளிய போயிடும், மான் அடிபட்டு எங்கயோ போய் சாகும். வேட்டைக்கு முனை மெதுவா இருந்து பட்டதும் விரியற சாஃப்ட் பாயிண்ட் இல்லேன்னா விரியற வகை காப்பர் புல்லட். ரெண்டும் ஒரே இடத்துல விழும்னு நெனைக்காதீங்க, என் ரைஃபிள்ல 147 கிரெய்ன் பயிற்சி ரவுண்டும் 150 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்டும் 100 யார்டுல ரெண்டு இன்ச் தள்ளி தள்ளி விழுது, ரெண்டு தோட்டா மேலயும் .308னு தான் போட்டிருக்கு. அதனால அக்டோபர் வந்தா பயிற்சி பெட்டியை ஓரமா வச்சுட்டு வேட்டை தோட்டாவை வச்சு ஸ்கோப்பை திரும்ப ஜீரோ பண்ணிடுவேன், அதாவது குறி வச்ச இடத்துலயே விழற மாதிரி சரி பண்ணிடுவேன்.

எச்1பி-ல இருக்கறவங்க கவனமா இருங்க, ஃபெடரல் சட்டப்படி பொதுவா நீங்க துப்பாக்கி வச்சிருக்கவே கூடாது, செல்லுபடியாகற ஹண்டிங் லைசன்ஸ் இருந்தா அதுக்கு விதிவிலக்கு உண்டு, வக்கீல் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்ங்க. டெக்ஸஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹண்டர் எஜுகேஷன் முடிச்சாகணும், அதை தொல்லையா பாக்காதீங்க, மானோட நெஞ்சும் நுரையீரலும் எங்க இருக்குன்னு படம் போட்டு சொல்லி குடுக்கறது அங்க தான்.

பட்ஜெட்ல கொஞ்சம் மிச்சம் இருந்தா ஸ்கோப்புக்கு போடுங்க, அதுக்கும் மேல இருந்தா ஒரு சாதா .22 வாங்குங்க. 1887லேருந்து இருக்கற தோட்டா, விலை கொஞ்சம் தான், உதை கிடையாது, மூச்சை பாதி விட்டு நிறுத்தி ட்ரிகரை மெதுவா அமுக்கற பழக்கம் எனக்கு வந்தது அதுல தான். அதுக்கப்புறம் நான் .308-ல எடுத்த ஆக்சிஸ் எதுவும் 40 அடிக்கு மேல ஓடல.

தம்பி இன்னும் முடிவு பண்ணல, .308-ஆ 6.5-ஆன்னு இழுத்துட்டு இருக்கான். வர்ற சனிக்கிழமை என் ரைஃபிளை எடுத்துட்டு அவனை ரேஞ்சுக்கு கூட்டிட்டு போறேன். அஞ்சு டம்மி ரவுண்ட் பைல எடுத்து வச்சாச்சு, லோட் பண்ணும்போது அவனை அந்த பக்கம் திரும்பி நிக்க சொல்லணும்.