டபிள்யூ.எஸ்.டி.எல். தர மாட்டார்களாம்

சிங்கப்பூர் உபியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குக் கொள்கலன் நிலவரம் ஒரு பழைய சோப் (SOAP, எக்ஸ்எம்எல்லில் கேட்டுப் பதில் வாங்கும் முறை) சேவையிலிருந்து வர வேண்டும். எதிர்த்தரப்பு கொடுத்தது ஒரு யூஆர்எல், ஒரு லாகின், அவ்வளவுதான். டபிள்யூ.எஸ்.டி.எல். (எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் விவரக் கோப்பு) கேட்டால், பாதுகாப்புக்காக மூடிவிட்டோம் என்கிறார்கள். யூஆர்எல் ஏஎஸ்எம்எக்ஸ் என்று முடிவதால் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் சமாச்சாரம் என்று புரிந்தது. அதில் கான்ஃபிக் கோப்பில் டாக்குமென்டேஷன் வரியை நீக்கினால் போதும், விவரமெல்லாம் மறைந்துவிடும், சேவை மட்டும் ஓடும்.

பிஎச்பியின் சோப்கிளையன்ட்டுக்கு டபிள்யூ.எஸ்.டி.எல். இடத்தில் நல் (null, வெற்று மதிப்பு) கொடுத்து, லொகேஷன் (சேவையின் முகவரி), யூஆர்ஐ (நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்கள் எந்தச் சேவையைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) இரண்டையும் சொன்னால் அழைப்பு போகும். ஆனால் டாட்நெட்டோடு ஒத்துப்போகாது. சோப்ஆக்‌ஷன் ஹெடரில், அதாவது எந்த மெத்தட் வேண்டும் என்று சொல்லும் வரியில், யூஆர்ஐக்கும் மெத்தட் பெயருக்கும் நடுவே பிஎச்பி ஹேஷ் (#) போடும். அங்கே எதிர்பார்ப்பது ஸ்லாஷ் (/). இது பரவாயில்லை, 500 பிழையோடு காரணமும் வந்துவிடும்.

அடுத்ததுதான் கழுத்தறுப்பு. மெத்தட் பெயருக்கு நேம்ஸ்பேஸ் வைக்கிற பிஎச்பி, உள்ளே போகும் பாராமீட்டர்களுக்கு வைப்பதில்லை. சேவை குறை சொல்லாது. கொள்கலன் எண்ணை நல் என்று எடுத்துக்கொண்டு, 200 ஓகே சொல்லி, ஒன்றுமில்லாத பட்டியலைத் திருப்பும். கிடங்கிலிருந்து அண்ணன் போன் போடுவார்: "என்ன தம்பி, பெட்டி கண்ணு முன்னாடி நிக்குது, உங்க சிஸ்டம் இல்லைங்குது?"

பிஎச்பியின் சோப்வார் கொண்டு பாராமீட்டர்களுக்கு நேம்ஸ்பேஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பூசி மெழுகலாம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆவணம் கேட்பதை விட்டுவிட்டு, "வேறு யாருக்காவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட் ஒன்றை, பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்புங்கள்" என்றேன். ஆவணத்துக்கு மூன்று மேலாளரைக் காட்டியவர்கள், இதை மறுநாளே அனுப்பினார்கள்! நேம்ஸ்பேஸின் கடைசி ஸ்லாஷ், எலிமென்ட்களின் வரிசை, எல்லாம் அதிலேயே இருந்தது. அப்படியே டெம்ப்ளேட்டாக வைத்து, மாறும் மதிப்புகளை மட்டும் எஸ்கேப் செய்து (எக்ஸ்எம்எல்லை உடைக்கும் குறிகளை மாற்றி எழுதி) நிரப்பி, கர்ல் (cURL) வழியாக நேரடியாக அனுப்புகிறேன். சோப் 1.1 என்பதால் கன்டென்ட் டைப் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல். 1.2 என்றால் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல். அங்கே சோப்ஆக்‌ஷனுக்குத் தனி ஹெடர் கிடையாது.

அப்புறம் நேரம். பதிலில் எல்லாம் கடைசியில் இசட் போட்டு யூடிசியில் (உலகப் பொது நேரம், சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னால்) வருகிறது. காலை 7 மணிக்கு உள்ளே வந்த லாரி முந்தின இரவு 11 மணி என்று காட்டும். அண்ணன் அடுத்த போன் போடுவதற்குள் 8 மணி நேரம் கூட்டிவிட்டேன்.