ஜூலிக்கு 7 கிலோ குறைஞ்சது: காய் போட்டதால மட்டும் இல்ல

எங்க வீட்டு லேப் (லேப்ரடார் நாய்) ஜூலிக்கு இப்ப ஏழு வயசு. போன வருஷம் தடுப்பூசி போட கூட்டிட்டு போனப்போ கிளினிக் தராசுல 38 கிலோ காட்டுச்சு. பெண் லேப்னா 25ல இருந்து 32க்குள்ள இருக்கணும்னு சொல்லிட்டு டாக்டர் என் கையைப் பிடிச்சு அவ விலா மேல வச்சாங்க, தடவிப் பார்த்தா எலும்பே தட்டுப்படல. மாடி ஏறும்போது நடுவுல நின்னு நின்னு மூச்சு வாங்குவா, அது வெயிலாலன்னு நெனச்சுட்டு இருந்தேன், இப்பவும் அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. தைராய்டு டெஸ்ட்டும் எடுத்தாங்க, நார்மல்.

காய் போட்டா வெயிட் குறையும்னு கேள்விப்பட்டு அன்னிக்கே பீன்ஸும் கேரட்டும் வேகவச்சு அவளோட பெல்லட் (கடைல வாங்குற காஞ்ச நாய்த்தீனி) மேல போட ஆரம்பிச்சேன். ஒரு மாசம் கழிச்சு பார்த்தா அதே 38. அப்புறம் டாக்டர் ஒரு நாள் முழுக்க அவ வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதிட்டு வர சொன்னாங்க. காலைல அப்பா டீ குடிக்கிறப்போ ரெண்டு பிஸ்கட், அம்மா இட்லி ஊத்துனா ஒண்ணு, ராத்திரி தயிர் சாதம், இதுக்கு நடுவுல 350 கிராம் பெல்லட். லிஸ்ட்ட பார்த்துட்டு "இருக்கிற சாப்பாட்டுக்கு மேல காய் போட்டா எப்படிம்மா குறையும், சாப்பாட்ட எடுத்துட்டு அந்த எடத்துல காய வைங்க"ன்னாங்க. அதுதான் விஷயமே.

பெல்லட் 240 கிராம், கப்புல இல்லாம தராசுல அளந்து ரெண்டு வேளையா. ஒவ்வொரு வேளைக்கும் ரெண்டு கைப்பிடி வெந்த காய். சாப்பாட்ட சுத்தமா நிறுத்திட்டு வெறும் காய் மட்டும் குடுக்கவே கூடாது, புரதம் பத்தாம சதை கரைஞ்சிரும்.

உப்பு இல்லாம குக்கர்ல ஒரு விசில், அவ்வளவுதான். பீன்ஸ்தான் அவளுக்கு ரொம்ப ஒத்துப்போச்சு. கேரட் பச்சையா குடுத்தா துண்டு துண்டா அப்படியே வெளிய வந்துச்சு, வேகவச்சதும் சரியாச்சு. மஞ்சள் பூசணி ரெண்டு ஸ்பூனுக்கு மேல போனா பேதி ஆகுது, முட்டைக்கோஸ் போட்ட அன்னிக்கு வயித்துல ஒரே கேஸ். சுரைக்காய், வெள்ளரிக்காய் ரெண்டும் நுனிய நறுக்கி நான் நாக்குல வச்சுப் பார்த்துட்டுதான் போடுவேன், கசந்தா அது விஷம், நமக்கும் ஆகாது அவளுக்கும் ஆகாது.

சாம்பார்ல இருந்து காய எடுத்துப் போடாதீங்க, ப்ளீஸ். அம்மா அப்படித்தான் ஒரு வாரம் போட்டுட்டு இருந்தாங்க, அதுல வெங்காயம் இருக்கு, வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த சிவப்பணுவையே உடைச்சிரும், வேகவச்சாலும் அது போகாது. திராட்சையும் அதே மாதிரி ஆகவே ஆகாது, அது கிட்னிய கெடுத்துரும்.

அம்மாவ சமாளிக்கிறதுதான் பெரிய பாடு. "வாயில்லா ஜீவன்டி, பசிக்குதுன்னு பார்க்குது பாரு"ன்னு கண் கலங்குவாங்க. அவங்க சொன்னதும் பொய் இல்ல. லேப்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு பசிய அடக்குற ஜீன்லயே கோளாறு இருக்குன்னு 2016ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சிருக்காங்க. ஜூலிக்கு அது இருக்கான்னு டெஸ்ட் எல்லாம் பண்ணல, ஆனா அத படிச்சதுக்கப்புறம் அவள பேராசைக்காரின்னு யாரு சொன்னாலும் எனக்கு கோவம் வரும். கிண்ணம் நெறஞ்சு இருந்தா அவளுக்கும் ஒரு திருப்தி, குடுத்தோம்னு அம்மாவுக்கும் ஒரு நிம்மதி. பிஸ்கட் டப்பா இருந்த எடத்துல இப்ப நறுக்கின வெள்ளரிக்காய் டப்பா, அப்பா அதுல இருந்துதான் எடுத்துக் குடுக்கிறாரு.

வாரத்துக்கு கால் கிலோ மாதிரிதான் எறங்குச்சு, ஒரு சில வாரம் அதுவும் இல்ல. ஏழு மாசத்துல 31. விலா கைக்குத் தட்டுப்படுது, மாடிக்கு நிக்காம ஏறிடுறா. சாயங்காலம் அம்மா பீன்ஸ் ஆய உக்காந்தா பக்கத்துல வந்து படுத்துக்கிறா, உடைச்சுப் போடுற நுனி எல்லாம் அவளுக்குத்தான்.