குதிரை ஏறும் நேரமும் உலை கொதிக்கும் நேரமும்

ராஞ்சில், அதாவது அமெரிக்க மாட்டுப் பண்ணையில், மாடு திரட்டும் வாரம் என்றால் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, கூடவே நாலைந்து குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வேலை. இரண்டும் தனித்தனியாகச் சுலபம்தான். ஒரே ஆள் தலையில் விழும்போதுதான் சிக்கல். விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவர் காபி கேட்பார், இன்னொருவர் ட்ரெய்லர் விளக்கு எரியவில்லை என்று வந்து நிற்பார். குதிரை எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டு, சமையலை அதற்குப் பின்னால் பொருத்துவதே சரி. சமையல் அரை மணி தள்ளிப்போனால் யாரும் சாகமாட்டார்கள்.

ட்ரெய்லரை முந்தின நாள் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட வேண்டும். முதலில் தரை. ரப்பர் பாயைத் தூக்கி, அடியில் உள்ள பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மூத்திரம் ஊறி ஊறி மரம் உளுத்துப்போகும், அலுமினியத் தரையையும் அரிக்கும். மேலே பாய் கிடப்பதால் வெளியே தெரியாது. 500 கிலோ குதிரையின் கால் ஓடும் வண்டியில் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அடுத்து டயர். வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதால் வெடித்துவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80 கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

ட்ரெய்லரைப் பிக்கப் வண்டியோடு இணைக்கும் ஹிட்சில் அதிகம் நடக்கும் தப்பு உருண்டையின் அளவு. ட்ரெய்லரின் மூக்கில் உருண்டையைக் கவ்வும் பகுதிதான் கப்ளர். 2 5/16 அங்குலக் கப்ளருக்கு 2 அங்குல உருண்டை போட்டாலும் மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு முன்பக்க ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடிப்பு உண்டு. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், ஹிட்ச் கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலிகளின்மேல் விழும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசரப் பிரேக்கின் கம்பி பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டியது. அதைச் சங்கிலியிலேயே கோப்பவர்கள் இருக்கிறார்கள். சங்கிலி போனால் அதுவும் போச்சு.

மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் காகின்ஸ் பரிசோதனைச் சான்றும் (குதிரைத் தொற்று இரத்தசோகை இல்லை என்று காட்டுவது) கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் பிக்கப்பிலேயே இருக்கட்டும். மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் குதிரை யாருடையது என்று பார்க்கும் சூட்டுக்குறிச் சோதனையும் உண்டு.

ஏற்றும்போது வரிசை முக்கியம். குதிரை உள்ளே போனதும் முதலில் பின்தடுப்பு, அப்புறம் தலைக்கயிறு. இறக்கும்போது நேர் தலைகீழ்: முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் தடுப்பைத் திறக்க வேண்டும். தலை கட்டியிருக்கையில் பின்பக்கம் திறந்தால் குதிரை பின்வாங்கும், கயிறு இழுக்கும், மிரண்டு தலையைத் தூக்கிக் கூரையில் இடித்துக்கொள்ளும். இரண்டு குதிரை நிற்கும் ட்ரெய்லரில் ஒன்றைத்தான் ஏற்றுகிறோம் என்றால் அதை ஓட்டுநர் பக்கம் நிறுத்துங்கள். சாலை ஓரத்தை நோக்கிச் சரிவாக இருப்பதால் எடை சாலையின் நடுப்பக்கம் இருந்தால்தான் வண்டி ஓரத்துக்கு இழுக்காது.

கயிற்றை ரொம்பக் குட்டையாகக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்தித்தான் குதிரை மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். மணிக்கணக்கில் தலை தூக்கியே நின்றால் நுரையீரலில் தொற்று வரும். பயணக் காய்ச்சல் என்பது பெரும்பாலும் இதுதான். உலர்புல்லை நனைத்து வலையில் போட்டால் தூசி குறையும். குளிர் என்று காற்றுத் திறப்புகளை அடைக்காதீர்கள்; குளிரைவிட மூத்திரத்தின் அமோனியா நெடி மோசம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். புது ஊர்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் குதிரைகள் உண்டு. வீட்டுத் தண்ணீர் ஒரு கேன் கூட வருவது நல்லது.

இனி அடுப்பு. இந்த வாரத்துக்கு பின்டோ பீன்ஸை (புள்ளி போட்ட உலர்ந்த பீன்ஸ் விதை) மிஞ்ச ஒன்றுமில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ, லிட்டருக்கு 15 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். உப்பு பீன்ஸைக் கடினமாக்கும் என்பது பழைய பயம். உண்மையில் தோல் மிருதுவாகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியையும் வினிகரையும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும், முன்னால் போட்டால் மூன்று மணி நேரம் கழித்தும் கடக் கடக் என்றுதான் இருக்கும். உயரமான இடமும் ஒரு காரணம். 2000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாட்டிறைச்சி எலும்பில்லாமல் நான்கு கிலோ வாங்கினால் வெந்து சுருங்கி இரண்டரை கிலோ மிஞ்சும். தோள்பகுதி, மெல்லிய தீ, மூடிய சட்டி. உள்ளே 90 டிகிரி தாண்டினால்தான் நார் நாராகப் பிரியும். குதிரைகள் வெளியே போகும் நாளுக்கு முந்தின இரவு இதைச் செய்துவிட்டால், மறுநாள் மதியம் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கலாம்.

சோள ரொட்டிக்கு 12 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி. விட்டத்தைப் போல இரண்டு மடங்கு கரிக்கட்டி, அதாவது 24. பதினாறு மூடிமேல், எட்டு அடியில். சுமார் 175 டிகிரி கிடைக்கும். அடியில் அதிகம் வைப்பதால்தான் ரொட்டி கருகுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கம், மூடியை எதிர்ப்பக்கம் கால்வட்டம் திருப்புங்கள். காற்றடித்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும், கரி சீக்கிரம் எரிந்து தீரும்.

மிஞ்சிய பீன்ஸைப் பெரிய பானையோடு அப்படியே குளிர்பெட்டிக்குள் இறக்கினால் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே கிடந்து கெட்டுவிடும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான தட்டுகளில் பரப்பி ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வர வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு.

கடைசி நாள் திரும்பியதும் குதிரைகளுக்கு முதலில் தண்ணீர், புல்; தானியம் அப்புறம். ட்ரெய்லர் பாய்களை அன்றைக்கே தூக்கித் தரையைக் கழுவி, ஓரமாகச் சாய்த்துக் காயவிடுங்கள். அதற்குள் இருட்டிவிடும். இரவுக்குச் சூடாக்கிய பீன்ஸ் போதும்.