தினமும் எடை பாருங்கள், ஆனால் அன்றைய எண்ணை நம்பாதீர்கள்

"வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்தால் போதும், தினமும் மெஷினில் ஏறினால் மனசு விட்டுப்போகும்." ஜிம் பயிற்சியாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், டயட்டீஷியன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எங்கள் பக்கம் காலையில் வாக்கிங் போகிறவர்களும் ஒருவருக்கொருவர் இதையேதான் சொல்லிக்கொள்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இது சரியான யோசனை இல்லை என்று நினைக்கிறேன். எடை ஏன் ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு தினமும் பார்க்கிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் பார்த்து, அந்த ஒற்றை எண்ணை வைத்துத் தலையெழுத்தையே முடிவு பண்ணுகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

என் அக்கா மதுரையில் இருக்கிறாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரைக்கு முன்னால் ஐந்தாறு கிலோ குறைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால் ஆரம்பித்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போன். "டேய், ரெண்டு வாரமா ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தி, சீனியைத் தொடவே இல்ல. இன்னிக்கு ஏறிப் பார்த்தா போன திங்கக்கிழமையை விட நூறு கிராம் கூடியிருக்குடா. எனக்கெல்லாம் இது ஒத்துவராது, விட்ரப் போறேன்."

நல்லவேளையாக, அவள் மகள் தினமும் காலையில் அம்மாவை மெஷினில் ஏற்றிவிட்டு, சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எடையையும் குறித்து வந்திருக்கிறாள். அக்கா கணக்கில் எடுத்துக்கொண்டது திங்கட்கிழமையை மட்டும்தான். காலண்டரை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். போன வாரம், திங்களிலிருந்து ஞாயிறு வரை: 74.6, 74.1, 73.7, 73.9, 73.4, 73.5, 73.8. அந்தத் திங்கட்கிழமை தொடங்கிய வாரத்தையும் முழுசாகக் குறித்துவிட்டு அப்புறம் முடிவெடு என்றேன். அது இப்படி வந்தது: 74.7, 73.9, 73.4, 73.5, 73.0, 73.2, 73.2.

திங்களோடு திங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 100 கிராம் கூடியிருக்கிறது. ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 73.9, அடுத்த வாரம் 73.6. ஆக 300 கிராம் குறைந்திருக்கிறது. அந்த வீட்டில் ஞாயிறு மதியம் பிரியாணி, ராத்திரிக்குப் பெரும்பாலும் கடையில் வாங்கிய பரோட்டாவும் சால்னாவும். அதற்கு மறுநாள் காலையில் மெஷினில் ஏறினால் வேறென்ன காட்டும்?

கொழுப்பு கரையும் வேகத்தையும் எடை ஆடும் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ உடல்கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ என்பது நல்ல வேகம், அதற்கு நாளுக்கு 550 கலோரி குறைய வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒரு நாளில் போகிற கொழுப்பு 70 கிராம் சொச்சம்தான். பெரும்பாலான வீட்டு மெஷின்கள் 100 கிராம், மிஞ்சிப்போனால் 50 கிராம் படிகளில்தான் காட்டும். நம் உடம்போ தண்ணீராலும் வயிற்றில் இருப்பதாலும் மட்டுமே ஒரு நாளில் ஒரு கிலோ, சில நாள் இரண்டு கிலோகூட மேலே கீழே போய்வரும். இந்த ஆட்டத்துக்குள் அந்த 70 கிராமை ஒற்றை நாளில் தேடினால் எங்கே கிடைக்கும்? நிறைய நாட்களின் எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆட்டம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அது வெளியே தெரியும்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு தட்டு பிரியாணிக்கு 800 கலோரி என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும் ஒன்பது, பத்து தட்டு. கல்யாண வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்றரை கிலோ கூடிவிட்டதே என்று கலங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அந்த ஒன்றரை கிலோ என்ன? முதல் காரணம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூன் வரும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, ஹோட்டல் சாம்பார் என்று போகும் நம் சாப்பாட்டில் அதைத் தாண்டுவது மிகச் சுலபம். கூடுதலாகப் போன உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றும் வரை உடம்பு அதற்கேற்ற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் சோறு, இட்லி, தோசை, பரோட்டா வழியாக வரும் மாவுச்சத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மிடையே சோற்றையும் மாவுச்சத்தையும் ஒதுக்கும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்தவர்கள் பலபேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. பெரியவர்கள் உடம்பில் இது சுமார் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் முதல் சில நாளில் இந்தக் கையிருப்பு குறைந்து, கூடவே தண்ணீரும் போய், எடை மளமளவென்று இறங்கும். முதல் வாரமே இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று சந்தோஷப்படுவார்கள். அதில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். பிறகு ஒரு விசேஷத்தில் இலைபோட்டுச் சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் பழைய இடத்துக்கே திரும்பி வரும், எடையும் வரும், "அவ்வளவு கஷ்டப்பட்டதெல்லாம் ஒரே நாளில் போச்சே" என்று மொத்தத்தையும் கைவிட்டுவிடுவார்கள். கஷ்டப்பட்டுக் கரைத்த கொழுப்பு ஒரு நாளில் திரும்பி வராது. வந்தது தண்ணீர்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களிலும் தொடங்கிய ஒன்றிரண்டு நாட்களிலும் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைப்பது மிகச் சாதாரணம். அந்த வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடக் கூடாது, போன மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். இதைச் சொல்லாமலே பெண்களுக்கு வாராந்திர எடைப் பட்டியல் போட்டுக் கொடுப்பது அநியாயம் என்றே சொல்வேன். புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கும் தசை வலியோடு கொஞ்சம் தண்ணீர் தேங்கும். மலச்சிக்கல் வேறு.

சாப்பிடாமல் குடிக்காமல் சும்மா இருந்தாலும் எடை குறையும் என்பதை நானூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் நிறுத்துப் பார்த்திருக்கிறார். இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர், பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் வருஷக்கணக்கில் நிறுத்தார். வித்தியாசம் இடித்தது. மூச்சாகவும் தோல் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் எடை அது என்று கண்டு 1614-இல் வெளியிட்டார். ராத்திரி படுக்கும்போது இருந்ததைவிடக் காலையில் நீங்கள் அரை கிலோ குறைந்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் எழுந்து, கழிவறை போய் வந்தபிறகு, காபிக்கும் தண்ணீருக்கும் முன்னால், ஒரே மாதிரி லேசான உடையில். மெஷின் கெட்டியான சமதளத் தரையில் இருக்க வேண்டும், கால்மிதியின் மேலோ பாயின் மேலோ வைத்தால் தப்பாகக் காட்டும். டைல்ஸ் இணைப்பில் ஒரு கால் இறங்கியிருந்தால்கூட எண் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு நகர்த்தாதீர்கள். உங்கள் மெஷின் உண்மையைவிட அரை கிலோ கூடக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் அதே அரை கிலோ கூடக் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். மெடிக்கல் ஷாப் வாசலில் சாயங்காலம், செருப்போடு, டீயும் வடையும் முடித்துவிட்டு ஏறிப் பார்ப்பதை வீட்டு எண்ணோடு சேர்க்க வேண்டாம். சில மெஷின்கள் கொழுப்புச் சதவீதம், தசைச் சதவீதம் என்று என்னென்னவோ காட்டும். காலடி வழியாக லேசான மின்சாரம் செலுத்திப் போடும் உத்தேசக் கணக்கு அது, உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் மாறிவிடும், அதை நாளுக்கு நாள் பார்ப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எண்ணைக் குறித்துவிட்டு அத்தோடு மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டி ஏழால் வகுத்து, போன வார சராசரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் குறையாவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று நான்கு வாரமாகச் சராசரி நின்ற இடத்திலேயே நின்றால்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். டேப் வைத்து இடுப்பையும் மாதம் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

தினமும் பார்க்க முடியவே முடியாது என்கிறவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கலாம், ஆனால் திங்கட்கிழமை வேண்டாம், புதனோ வியாழனோ வைத்துக்கொள்ளுங்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் 80 பேரின் தினசரி எடையை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டதில், வார இறுதியில் ஏறுவதும் வாரநாட்களில் இறங்குவதும் பொதுவான தாளமாகவே இருந்தது. உடம்பு குறைந்தவர்களுக்கும் சனி ஞாயிறு ஏறத்தான் செய்தது, செவ்வாயிலிருந்து இறக்கிவிட்டார்கள். அக்காவுக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

ஆராய்ச்சிகள் அடிக்கடி எடை பார்க்கிறவர்கள் பக்கமே நிற்கின்றன. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். எப்படியும் கட்டுப்பாடு உள்ளவர்கள்தானே எடையும் பார்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதே ரீனா விங் குழு 314 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து 18 மாதம் நடத்திய ஆய்வு 2006-இல் வந்தது. எல்லோரும் ஏற்கெனவே நன்றாக எடை குறைத்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகவல் மடல் மட்டும் கிடைத்த பிரிவில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியது. தினமும் எடை பார்க்கவும், ஏறினால் உடனே என்ன செய்ய வேண்டும் என்றும் நேரில் கற்றுக்கொடுத்த பிரிவில் அது 46 சதவீதம். தகவல் மடல் பிரிவில் தினமும் எடை பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. எண்ணைப் பார்த்தபிறகு ஏதாவது செய்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது.

இனி, யார் தினமும் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண் கூடினால் அன்றைக்குப் பட்டினி கிடக்கிறவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுக்கத் தோன்றுகிறவர்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மெஷினில் ஏறுகிறவர்கள், தயவுசெய்து மெஷினை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டுக் கோளாறுகள் உயிருக்கே ஆபத்தானவை. வளரும் பிள்ளைகளைத் தினமும் நிறுத்துப் பார்க்காதீர்கள், அதிலும் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துப் பெண் குழந்தையின் எடையைச் சொல்லாதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்கிறபடி பார்த்தால் போதும்.

இதய பலவீனம் உள்ளவர்கள் கதை வேறு. அவர்கள் தினமும் பார்த்தே ஆக வேண்டும், அன்றைய எண்ணையே நம்பவும் வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் அவர்களுடைய மையத்தில் சொன்ன அளவுதான் அளவு.

எடை குறைந்து முடித்தவர்கள் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், திரும்ப ஏறுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அக்கா இப்போது 68-க்கு வந்துவிட்டாள், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. காலண்டரில் குறிப்பதை நிறுத்தவில்லை. வார சராசரி 70-ஐத் தொட்டால் அந்த வாரமே ராத்திரிப் பலகாரத்தில் ஒன்றைக் குறைப்பது, சாயங்கால பிஸ்கட்டை நிறுத்துவது, மாடியில் இன்னும் கால் மணி நேரம் நடப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு அடுத்த வாரம் 70.2 வந்தது, அதற்கடுத்த இரண்டு வாரத்தில் 69-க்குக் கீழே இறக்கிவிட்டாள்.