31 விண்ணப்பங்களும் 7 விண்ணப்பங்களும்

இங்கிலாந்தில் சொலிசிட்டராக விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை இடத்துக்குப் போட்டீங்கள்?" என்றுதான். சொலிசிட்டர் பயிற்சி வேலைக்கு நான் முதல் வருடம் விண்ணப்பித்தது 31 இடம். ஒன்றிலும் நேர்முகத் தேர்வுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இரண்டாவது வருடம் 18, இரண்டில் கடைசிக் கட்டம் வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது வருடம் ஏழே ஏழு. அதில் ஒன்று கிடைத்தது.

ட்ரெய்னிங் கொன்ட்ராக்ட் என்பதுதான் அந்த இரண்டு வருடப் பயிற்சி வேலை. பெரும்பாலும் ஆறாறு மாதமாக நான்கு பிரிவுகளில் வேலை பழகுவோம், அதைத்தான் 'சீட்' என்பார்கள். பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டு வருடம் முன்கூட்டியே ஆள் எடுத்துவிடும். நான் 2022 இல் தெரிவாகி 2024 இல்தான் வேலையில் சேர்ந்தேன். இடையில் சொலிசிட்டர் தகுதிக்கான எஸ்கியூஇ பரீட்சைக்கும் படிப்புக்கும் நிறுவனமே பணம் கட்டியது. 2021 செப்டெம்பரில் அந்தப் பரீட்சை முறை வந்தபோதே இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 3,980 பவுண்ஸ், பிறகு இன்னும் கூட்டிவிட்டார்கள். படிப்புச் செலவு தனி. லண்டன் ரூட்டிங்கில் ஒரு சிறிய மரக்கறிக் கடையை நம்பி வாழும் எங்கள் வீட்டுக்கு அது பெரிய காசு. நிறுவனம் செலவை ஏற்காவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

முதல் வருடம் நான் செய்த பிழை, ஒரே பதிலை எல்லோருக்கும் அனுப்பியது. "ஏன் எங்கள் நிறுவனம்?" என்ற கேள்விக்கு "உலகளாவிய வாடிக்கையாளர்கள், சிறந்த பயிற்சி, நட்பான சூழல்" என்று எழுதியிருந்தேன். இப்போது யாருடைய வரைவைப் பார்த்தாலும், அந்தப் பதிலில் போட்டி நிறுவனம் ஒன்றின் பெயரைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்போதும் சரியாகவே இருந்தால் அந்த வரியை அழித்துவிட வேண்டும். என் பழைய பதிலில் அப்படி அழித்தால் ஒரு வரிகூட மிஞ்சாது.

மூன்றாவது வருடம் ஒரு நிறுவனத்துக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினேன். இணையதளத்தில் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை அரைமணி நேரம் பார்த்தால் போதும். பெரிய சட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம் என்பதால், வருடக் கணக்கைக் கம்பனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எவ்வளவு வருமானம், எவ்வளவு கடன், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அதிலிருந்து எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் செய்த ஒரு வழக்கையோ கம்பனி விற்பனையையோ எடுத்து, இரவு கடை பூட்டிய பின் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவேன். அம்மா இருபது வருடமாகக் கடைக் கணக்குப் பார்ப்பவர். "அவன் ஏன் அதை இவ்வளவு விலைக்கு வாங்கினவன்? கடன் ஆர் குடுத்தது? நட்டம் வந்தால் ஆர் தலையிலை?" என்று கேட்பார். பதில் தெரியாத இடத்தில் மீண்டும் போய்ப் படிப்பேன். கமர்ஷியல் அவேர்னஸ், அதாவது வியாபாரம் எப்படி நடக்கிறது என்ற விளக்கம் வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, எனக்கு அது வந்தது அம்மாவின் அந்த மூன்று கேள்விகளால்தான். ஆங்கிலத்தில் படித்ததை ஆங்கிலத்திலேயே ஒப்பிக்கும்போது விளங்காதது கண்ணில் படாது. தமிழில் சொல்லப்போனால் ஓட்டை உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது வேலை அனுபவம் எழுதும் பெட்டி. அதில் முதல் இரண்டு வருடமும் பல்கலைக்கழக விவாதக் கழகமும் ஒரு வாரம் ஒரு சட்ட அலுவலகத்தில் கோப்பு அடுக்கியதும்தான் இருந்தன. பெரியம்மாவின் மகள் ஒரு கம்பனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். என் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, "சனி ஞாயிறிலை நீ எங்கை நிக்கிறனீ?" என்று கேட்டார். கடையில் என்றேன். "அது ஏன் இதிலை இல்லை?" எனக்குப் பதில் வரவில்லை. வெட்கம்தான் காரணம். 13 வயதிலிருந்து கல்லாவில் நின்றது, மொத்த வியாபாரியிடம் விலை பேசியது, ஆங்கிலம் தெரியாத வாடிக்கையாளர்களின் உள்துறை அமைச்சுக் கடிதங்களை வாசித்துச் சொன்னது, ஒன்றுமே அங்கு இல்லை. எல்லாவற்றையும் எழுத வைத்தார் அக்கா.

அதே பக்கத்தில் எந்தப் பள்ளி, பள்ளியில் இலவச மதிய உணவு பெற்றீர்களா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனார்களா என்றெல்லாம் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நிரப்புங்கள். பல நிறுவனங்கள் உங்கள் ஏ லெவல் பெறுபேற்றை உங்கள் பள்ளியின் சராசரியோடு வைத்துத்தான் பார்க்கின்றன. சராசரி குறைந்த பள்ளியில் எடுத்த ஏஏபிக்கு அங்கே வேறு மதிப்பு.

தர்க்கமாகச் சிந்திக்கிறோமா என்று பார்க்கும் வொட்சன் கிளேசர் சோதனையில் பலர் தடுக்குவது ஊகங்கள் பகுதியில். "சனிக்கிழமை கூட்டம் அதிகம், ஆகவே இன்னொரு ஆளை வைக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், இருக்கிற ஆட்கள் போதாது என்பது அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஊகம். சம்பளம் கொடுக்கக் காசு இருக்கிறதா என்று நம் மனம் ஓடும், அதை அடக்கி, எழுதியிருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். பயிற்சியால் நன்றாகவே வரும். வீடியோ நேர்முகத்தை நான் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தேன். கேள்வி திரையில் வரும், யோசிக்க 30 வினாடி, பேச இரண்டு நிமிடம். எதிரில் முகமே இல்லாமல் பேசுவது கஷ்டம். கமராவுக்கு மேலே அம்மாவின் படத்தை ஒட்டி வைத்துப் பேசினேன், குரல் தானாக இறங்கி வந்தது.

கடைசிக் கட்ட நேர்முகத்தன்று நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான ஒரு பார்ட்னர், "நீ நேரில் பார்த்த ஒரு வியாபாரப் பிரச்சினையைச் சொல்" என்றார். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய அல்போன்சோ மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றையும் தடை செய்ததைச் சொன்னேன். பழ ஈ போன்ற பூச்சிகள் வந்ததுதான் காரணம். எனக்கு அப்போது 14 வயது. பாகற்காய்ப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்ததும், அப்பா தொலைபேசியும் கையுமாக வேறு நாட்டுச் சரக்குத் தேடியதும் நினைவிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுக்கு முன்பே விலை பேசி ஒத்துக்கொண்டிருந்தார். "அந்த ஒப்பந்தம் அப்போது என்ன ஆனது?" என்று பார்ட்னர் குறுக்கே கேட்டார். இந்தியப் பாகற்காய் என்று பேசவில்லை, பாகற்காய் என்றுதான் பேசினார்கள், வேறு இடத்தில் கிடைக்கிறது என்றால் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது, விலை ஏறியது மட்டும் தப்பிக்கும் காரணமாகாது என்றேன். எட்டு மாதத்தில் முடிக்க வேண்டிய 78 வீடுகளைக் கட்ட 22 மாதம் எடுத்த டேவிஸ் கொன்ட்ராக்டர்ஸ் வழக்கில், செலவும் கஷ்டமும் கூடியதால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது என்ற 1956 தீர்ப்பையும் சொன்னேன். அப்பா நட்டப்பட்டுத்தான் கொடுத்தார் என்று முடித்தேன். இருபது நிமிடம் அதையே பேசினோம். தயார் செய்துகொண்டு போன மற்றப் பதில்கள் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று. பல நிறுவனங்கள் கடைசித் தேதி வரை காத்திருப்பதில்லை, வர வர வாசித்து இடத்தை நிரப்பிவிடும். ஏழு இடம் போடுவதென்றால் செப்டெம்பரிலேயே தொடங்குங்கள்.

ட்ரெய்னிங் கொன்ட்ராக்ட் கிடைக்கவில்லை என்றால் பாதை மூடிவிடாது. இப்போது இரண்டு வருடத் தகுதிபெறு அனுபவத்தை நான்கு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம். இலவசச் சட்ட உதவி தரும் லோ சென்டர், தெருமுனைச் சட்ட அலுவலகம், சொலிசிட்டருக்கு உதவியாக இருக்கும் பாராலீகல் வேலை எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அதை ஒரு சொலிசிட்டரோ நிறுவனம் விதிப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் இணக்க அதிகாரியோ உறுதிப்படுத்த வேண்டும். என் நண்பன் ஒருவன் ஓர் அலுவலகத்தில் 14 மாதம் வேலை செய்துவிட்டு, விலகிய பிறகு போய்க் கேட்டு, பல மாதம் அலைந்தான். வேலையில் சேரும் வாரத்திலேயே யார் கையெழுத்திடுவார் என்று கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் தேதியோடு எழுதி வாருங்கள்.