ஸ்வெட்டரும் சிஇ முத்திரையும்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. காப்பிக்கொட்டையின் ஈரத்தை அளக்கும் நாற்பது கருவிகளை ஜெர்மனிக்கு அனுப்பும் வேலையில் மாட்டிக்கொண்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்கு எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒருமுறை ஏற்காட்டு எஸ்டேட்டுக்குத் தராசு பார்க்கப் போனபோது, மேஸ்திரி ஒருவர் காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணுங்க" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்த ஈரமானி. உலோகக் கிண்ணம், நடுவில் ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே கொட்டை. ஈரம் கூடினால் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், ஏறும். அதைக் கணக்குப் போட்டுத் திரையில் சதவீதம் காட்டும். 10 முதல் 12 வரை வந்தால் மூட்டை கட்டலாம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும்.

அந்த எஸ்டேட்டுக்குக் காப்பி வாங்க வந்த ஹாம்பர்க்காரர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வேண்டும் என்றார். அடுத்து, "சிஇ இருக்கிறதா?" என்றார்.

எனக்குத் தெரிந்த சிஇ (CE), சார்ஜர் முதுகில் இருக்கும் இரண்டு எழுத்து. இந்த மாதிரிச் சாமானை ஐரோப்பாவில் விற்க அந்த முத்திரை வேண்டுமாம். விசாரித்ததில் ஓர் ஏஜென்ட் கிடைத்தார். "பதினெட்டாயிரம் அனுப்புங்க, நாலு நாள்ல சர்ட்டிபிகேட் வந்துடும்." கருவியை அனுப்பவா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார், போட்டோ போதும்." போட்டோவைப் பார்த்து எதைச் சோதிப்பார்கள்? அங்கேதான் உறைத்தது. பணம் அனுப்பவில்லை.

அப்புறம் உட்கார்ந்து ஐரோப்பியச் சட்டத்தையே படித்தேன். முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. என் மாதிரிக் கருவிக்கு சிஇயை யாரும் 'கொடுப்பதில்லை'. எந்தெந்தச் சட்டம் பொருந்தும் என்று தயாரிப்பாளரே பார்த்து, சோதித்து, கோப்பு எழுதி, 'இது சட்டப்படி சரியாக இருக்கிறது, நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரையை ஒட்டலாம், உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கோப்பு பத்து வருடம் கையில் இருக்க வேண்டும். சில மருத்துவக் கருவிகள் மாதிரி ஆபத்தான சாமான்களுக்குத்தான் அங்கே அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடுவில் வந்தாக வேண்டும். ஏஜென்ட் விற்கவிருந்தது பதினெட்டாயிரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை.

என்னென்ன சட்டம் என்பதில் ஒரு கூத்து. மகன் ஆசைப்பட்டான் என்று ப்ளூடூத் வைத்திருந்தேன். ரேடியோ என்று ஒன்று உள்ளே இருந்தால் கருவி முழுவதும் 2014/53 என்ற ரேடியோ சட்டத்துக்குள் போய்விடும். உள்ளே வைக்கும் ப்ளூடூத் மாட்யூலுக்கு ஏற்கெனவே சான்று இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முழுக் கருவிக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். களத்துமேட்டில் நின்று யார் போனில் ஈரம் பார்க்கப் போகிறார்கள்? ப்ளூடூத்தைப் பிடுங்கிப் போட்டேன். மகன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. 50 வோல்ட் ஏசி, 75 வோல்ட் டிசியில் தொடங்கும் லோ வோல்டேஜ் சட்டமும் 9 வோல்ட்டுக்கு வராது. மிச்சம் இரண்டு: மின்காந்தத் தொல்லை பற்றிய 2014/30, நச்சுப் பொருள் பற்றிய 2011/65.

இரண்டாவதில் பிடித்தது ஈயம், அதாவது காரீயம். ஒரே மாதிரியான எந்தப் பொருளை எடுத்தாலும் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது. பாகங்களை போர்டில் பற்றவைக்க நாங்கள் இத்தனை வருடமாகப் பிடித்த சால்டரில் ஈயம் மட்டும் 37 சதவீதம்! ஈயமில்லாத கம்பி வாங்கினேன். பழையது 183 டிகிரியில் உருகும், இது 217 தாண்ட வேண்டும். பட்டறையில் சால்டர் வைக்கும் அக்கா முதல் போர்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சாம்பல் பூத்தாப்ல இருக்குது? டிரை சால்டர் ஆயிடுச்சா?" என்று அழிக்கப் போனார். இதற்குப் பளபளப்பு வராது, மங்கலாகத்தான் நிற்கும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம். பழைய அயர்ன் முனைகளையும் தூக்கிப் போட்டோம், ஈயம் ஒட்டியிருக்கும் என்று.

அடுத்தது பெங்களூர். காலையில் கிளம்பி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மதியம் சோதனைக்கூடம் போய்ச் சேர்ந்தேன். கருவி வெளியே விடும் மின்காந்த இரைச்சலை அளக்கும் சோதனையில் முதல் தடவையே பாஸ். அந்தக் குஷியில் இருக்கும்போது அங்கிருந்த பையன் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து வந்தான். மனித உடம்பில் சேரும் நிலைமின்சாரம் கைவிரல் வழியாகப் பாய்வதை அப்படியே செய்து காட்டும் சாதனம். 4000 வோல்ட். அதிர்வு உச்சிக்குப் போக ஒரு நானோசெகண்டுகூட ஆகாது. உலோகத்தில் முனையை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் பிளஸ்ஸில் பத்து, மைனஸில் பத்து என்று அடிப்பார்கள்.

கிண்ணத்தின் விளிம்பில் வைத்தான். டிக். டிக். டிக். மூன்றாவதில் திரை 11.4 என்று நின்றது. கிண்ணத்தைக் காலி செய்தோம். அப்போதும் 11.4. பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை, பேட்டரியைக் கழற்றி மாட்டித்தான் உயிர் வந்தது. தடுமாறித் தானே எழுந்தால் பாஸ், ஆள் வந்து எழுப்பினால் ஃபெயில்.

எனக்கு ஃபெயிலானது பெரிதாகத் தெரியவில்லை. அந்த 11.4 தான் வயிற்றைக் கலக்கியது. போன பிப்ரவரியில் அதே மேஸ்திரி போனில் சொன்னார்: "சார், காலையில பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழட்டிட்டுக் கிண்ணத்தைத் தொட்டா, மிசின் நின்னுடுதுங்க." நான் சிரித்தேன். "பேட்டரி மாத்துங்க" என்றேன். ஸ்வெட்டருக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் சொல்லி வேறு சிரித்தேன். தலைவழியாகக் கம்பளியை உருவும்போது பொறி பறப்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பி போர்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிண்ணத்திலிருந்து கிரவுண்டுக்குப் போகும் மெல்லிய தடம், கருவியின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ரீசெட் காலை உரசிக்கொண்டு போகிறது. நானே வரைந்தது. அடிக்கிற அடியெல்லாம் அது வழியாகத்தான் ஓடியிருக்கிறது. கிண்ணத்துக்குத் தனியாக அகலமான பாதை, தண்டுக்கு அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு டிவிஎஸ் டயோடு, ரீசெட் காலுக்கு ஒரு கெபாசிட்டர், நிரல் நின்றால் தானே தட்டி எழுப்ப வாட்ச்டாக். புது போர்டு வர மூன்று வாரம். இரண்டாவது தடவை நாற்பது அடிக்கும் அசையவில்லை.

கோப்பில் 'பயன்பாட்டில் வந்த புகார்கள்' என்று ஒரு பக்கம் சேர்த்து, மேஸ்திரி சொன்னதைத் தேதியோடு எழுதிய பிறகுதான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். லேபிளில் என் முகவரிக்குக் கீழே ஹாம்பர்க்காரர் முகவரியும் இருக்கிறது. அங்கே இறக்குமதி செய்பவரும் பொறுப்பு என்பதால் அப்படி.

பெட்டிகள் போன மறுநாள், இருபது கொண்டை ஊசி ஏறி, மேஸ்திரிக்குப் புதுக் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே ஸ்வெட்டரை மாட்டி, உருவி, தொட்டார். நான்கு தடவை.

"இப்ப நிக்கலைங்க சார்." கருவியைக் கவிழ்த்துப் பார்த்தார். "ஆனா பேட்டரி மூடி லூசாத்தான் இருக்குது."

இந்தத் தடவை நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.